நின்றுபோகும் லாரிகளும் நிற்காத தவணைகளும்

லாரி நடுவழியில் நின்றால் முதல் பழி யார்மீது விழுகிறது? ஓட்டுகிறவர்மீது! "ஓட்டத் தெரியவில்லை, கலப்பட டீசல் போட்டிருப்பாய்" என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்லியனுப்புகிறார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருந்து பம்பாய் வந்து, தானே முதலாளியாகவும் தானே டிரைவராகவும் பாடுபடும் நம் தோழர்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

உண்மை என்ன? 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ்.-6 புகை விதி வந்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. துறைமுகச் சாலையின் புகையைக் குடிப்பவர்கள் நம் பிள்ளைகள்தானே! ஆனால் வண்டியின் அமைப்பைப் பாருங்கள். புகைக்குழாயில் உள்ள வடிகட்டி கரியைப் பிடித்துவைக்கிறது. அது எரிந்துபோக நல்ல சூடு வேண்டும். சூடு ஏற வண்டி சீராக ஓட வேண்டும். நவசேவா துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் ஊர்கிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கரி அடைக்கிறது. இன்னொரு பக்கம் யூரியா கரைசல். அது தீர்ந்தாலோ, அதன் சென்சார் பழுதானாலோ இஞ்சின் இழுவை தானாகக் குறைகிறது. முன்பு வழியோரப் பட்டறையில் தீர்ந்த கோளாறுக்கு இன்று கம்பெனிக் கம்ப்யூட்டர் வரவேண்டியிருக்கிறது. அதுவரை சரக்கும் நிற்கிறது, வாடகையும் நிற்கிறது. தவணை மட்டும் நிற்பதில்லை. அதற்காக அடகுக் கடை ஏறுவது வீட்டுப் பெண்களின் நகை!

நம்மில் சிலர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், மலிவு யூரியா ஊற்றுவதும் உண்டு. அதை நிறுத்தினால்தான் நம் நியாயம் எடுபடும். ஆனால் ஒழுங்காக ஓட்டியும் அதே கோளாறு நான்காம் முறை வந்தால், அதுவும் டிரைவர் குற்றமா?

"வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நீ நுகர்வோர் அல்ல" என்று மிரட்டுவார்கள். மிரள வேண்டாம். தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை ஊரில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு கதவும் இருக்கிறது. சாலையில் செல்வோருக்கு ஆபத்தான பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. கண்டாலா ஏற்றத்தில் இரவில் இழுவையற்று நிற்கும் லாரி ஆபத்தில்லையா? ஆனால் அங்கே ஒருவர் கண்ணீருக்குக் கணக்கில்லை. ஒரே ரக வண்டியைப் பற்றி எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதே கணக்கு.

ஆகவே தோழர்களே, வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். நின்ற தேதி, இடம், கிலோமீட்டர், எரிந்த விளக்கு, இழந்த வாடகை எல்லாவற்றையும் எழுதுங்கள். ரசீதையும் சர்வீஸ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாதீர்கள். அந்த நோட்டுகளைச் சங்கத்தில் ஒன்றுசேர்ப்போம். தனியாகக் கேட்டால் தலையெழுத்து என்பார்கள். நூறு பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்!