உள்ளதை உள்ளவாறு எழுதுவோம்

கலைக்களஞ்சியம் என்றதும் அலுமாரியில் அடுக்கிய தடித்த நூல்களே பெரியோர் பலருக்கு நினைவில் எழும். தமிழில் அத்துறைக்கு வழிகாட்டியவர் ஈழத்தவரே. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் அபிதானகோசத்தை வெளியிட்டார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1968இல் நிறைவெய்தியது.

இவற்றை ஆக்கியோர் அறிஞர்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம். எழுதியதை எவரும் திருத்தலாம். அதனைத் தொடக்கத்திலிருந்து வளர்த்தோருள் முதன்மையானவரான இ. மயூரநாதனும் ஈழத்தவரே. களுதாவளையில் உயர்தரம் பயிலும் மாணவியும் கைபேசியொன்று இருப்பின் இப்பணியிற் சேரலாம். அவ்வாறு சேர விரும்பும் இளையோருக்குச் சில சொல்ல விழைகின்றோம்.

எழுதப் புகுவோர் முதலில் தம் ஊரையே எழுதுவர். அது நன்றே. ஆனால் "இயற்கை எழில் கொஞ்சும், உலகப் புகழ்பெற்ற களுதாவளை" என்று தொடங்கினால், அப்புகழை அளந்தவர் யார் என்று படிப்போர் கேட்பர். வாவிக்கும் கடலுக்கும் இடையே, மட்டக்களப்பு–கல்முனை வீதியில் அமைந்த ஊர். வெற்றிலையும் காய்கறியும் விளையும் ஊர் என்று எழுதுங்கள். அடைமொழிகள் உதிர்ந்தபின் எஞ்சும் செய்தியே ஊருக்குப் பெருமை தரும்.

அடுத்தது நம்பிக்கை. இவ்வூர்ப் பிள்ளையார் ஆலயத்தில் இலிங்கம் தானாகத் தோன்றியது என்பது ஆலய மரபு. அதனை மறைக்கவும் வேண்டா. நாமே கண்டதுபோல் உரைக்கவும் வேண்டா. "ஆலய மரபு கூறும்" என்ற மூன்று சொற்கள் அடியாரையும் புண்படுத்தா, ஆராய்வோரையும் ஏமாற்றா.

கருத்துகள் மாறுபடுமிடத்து, சொன்னவர் இன்னார் என்று குறிப்பிடுக. மட்டக்களப்பு வாவியின் இன்னொலியைப் பாடும்மீனின் குரல் என்பது ஊர்வழக்கு. 1848இல் அவ்வொலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் தெனன்ற், மீனவர்கள் அதனைச் சிப்பியினத்தின் ஒலியாகக் கூறினர் என்று 1859இல் வெளியான தம் நூலிற் பதிந்தார். இரண்டையும் உரியவர் பெயரோடு தருவதே கலைக்களஞ்சிய முறை. ஆயினும் சான்றற்ற வதந்திக்கும் ஆராய்ந்த நூலுக்கும் சமமான இடம் கொடுப்பது நடுநிலையாகாது. சான்றின் வலிமைக்கேற்பவே இடம் அளித்தல் வேண்டும்.

இந்நெறியின் அருமை, அயலூரை எழுதும்போது விளங்கும். எழுவான்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். போரின் வடு இன்னும் ஆறவில்லை. ஊர்ப்பெயரின் தோற்றம், யார் முன்னர்க் குடியேறினர் என்பன பற்றிச் சான்றின்றி எழுதும் ஒரு வரி, அயலூர்ப் பிள்ளையின் நெஞ்சைச் சுடும். அப்பிள்ளையும் நீங்களும் ஒரே பக்கத்தைப் படித்து, "இது முறையாக உள்ளது" என்று சொல்லுமாறு எழுதுவதே உங்கள் முன்னுள்ள தேர்வு.

சான்றுக்கு எங்கே போவது? வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் போன்ற நூல்களைத் தேடுங்கள். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பல கிடைக்கும். அவற்றைப் படியெடுக்காது, சொந்த நடையில் எழுதி, நூற்பெயரையும் பக்கத்தையும் குறிக்க வேண்டும். அம்மப்பா சொன்ன கதை விலைமதிப்பற்றது. எனினும் அச்சேறாத வாய்மொழியைக் கலைக்களஞ்சியம் சான்றாக ஏற்காது. அதனை எழுதி வைத்து, முதலில் தக்கதோர் ஆய்விதழில் வெளிவரச் செய்யுங்கள்.

உங்கள் பாடசாலையையோ உறவினரையோ பற்றி எழுத நேர்ந்தால் அத்தொடர்பை வெளிப்படுத்துக. எழுதியதை ஒருவர் நீக்கினால் சினந்து மீண்டும் மீண்டும் இடாது, உரையாடல் பக்கத்திற் காரணம் கேளுங்கள். தக்க சான்று காட்டப்பட்டால் விட்டுக்கொடுங்கள்.

ஊர்ப்பற்றுக் குறையவேண்டுமென்று நாம் கூறவில்லை. அப்பற்று உங்களைத் தேடவும் படிக்கவும் தூண்டட்டும். எழுதும் கையை உண்மை நடத்தட்டும்.