எம்.ஜி.ஆர். இல்லீங்க... எம்.ஜி.பி!

மெக்கானிக்கல் மக்களே! (இ.சி.இ., சிவில் நண்பர்களே, நீங்களும் ஓடிடாதீங்க.) ஐ.சி. எஞ்சின் பேப்பரில் ஓட்டோ சைக்கிளை ஸ்கேல் வெச்சு வரைஞ்சு மார்க் அள்ளின உங்களில் எத்தனை பேர் ஒரு கனெக்டிங் ராடைக் கையில் பிடிச்சுப் பார்த்திருக்கீங்க? இங்கிலாந்தில் வீட்டு கராஜிலேயே முழு எஞ்சினையும் பிரிச்சு மேய்கிற ஆட்கள் உண்டு. எல்லோரும் நம்மைப் போல இன்ஜினீயரிங் படிச்சவங்களும் இல்லை. அவங்க கையில் அடிக்கடி சிக்குற கார்தான் எம்.ஜி.பி.

1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தயாரான குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. உள்ளே இருப்பது பி.எம்.சி. கம்பெனியின் ‘பி-சீரிஸ்’ எஞ்சின், 1798 சி.சி. இதில் நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கே! நம்ம அம்பாசடரில் வருஷக்கணக்காக ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் அதே பி-சீரிஸ் குடும்பம்தான். ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. போர் மட்டும் அம்பாசடருக்கு 73 மி.மீ., எம்.ஜி.பி-க்கு 80.26. நம்ம டாக்ஸிக்கு லண்டன்ல ஒரு ஸ்டைலான ஒண்ணுவிட்ட தம்பி!

சரி, 20 வருஷமா ஷெட்டில் தூங்குற வண்டி ஒண்ணு கைக்கு வருது. முதல்ல என்ன தோணும்? புது பேட்டரி போட்டு சாவியைத் திருகணும்னு கை துறுதுறுக்கும். அங்கேதான் பாதி எஞ்சின்கள் சாகின்றன. எஞ்சின் நின்ன நேரத்தில் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தபடி இருந்திருக்கும். அந்த வழியா ஈரக்காத்து இறங்கி, ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கிட்டிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற இழுப்பில் ரிங் உடையும், உடைஞ்ச துண்டு சுவரைக் கிழிக்கும். அதனால் ப்ளக்குகளைக் கழற்றி, துளை வழியா ஊடுருவுகிற எண்ணெயை ஊத்தி, நாள்கணக்கில் சும்மா விடணும். அப்புறம் க்ராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, கையால், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அசையலையா? இன்னும் ரெண்டு நாள். சுத்தியல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க பாஸ்.

அசைஞ்சாச்சுன்னா எஞ்சினை வெளியே தூக்கணும். 150 கிலோவுக்கு மேல் கனம், வார்ப்பிரும்பு. ஹாயிஸ்ட் இல்லாம நண்பர்களோட தோள்பலத்தை நம்பினால் அடுத்த செமஸ்டர் கட்டுப் போட்டுக்கிட்டுத்தான். பிரிக்கும்போது ஒரு விஷயம்: கனெக்டிங் ராடும் அதன் அடி மூடியும் ஒண்ணா சேர்த்துக் கடைஞ்ச ஜோடி. இதோட மூடியை அதுக்கு மாட்டினால் பேரிங் காலி. ஜோடிக்கு ஜோடி நம்பர் போட்டு வைக்கணும்.

இப்பதான் நம்ம மெட்ராலஜி லேபுக்கு உயிர் வருது. சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் நின்னு திரும்புற இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிசு, அங்கே தேய்மானம் அதிகம். கனெக்டிங் ராட் சாய்ஞ்சு தள்ளுவதால் ஒரு பக்கம் இன்னும் அதிகம். அதனால் போர் கேஜை மேலே, நடுவே, கீழே, குறுக்கே, நெடுக்கேன்னு வைத்து அளக்கணும். தேய்ஞ்சிருந்தா? தூக்கிப் போட வேண்டாம்! லேத் பட்டறையில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்: 20, 30, 40, 60 என்று கிடைக்கும். இன்ச்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. க்ராங்க்கையும் 10, 20 என்று சாணை பிடித்து, அதற்கேற்ற தடிமனான ஷெல் பேரிங் போடலாம். மறுபிறவி எடுக்க முடிகிற மாதிரியே வடிவமைச்சிருக்காங்க. ஆனா ஏற்கெனவே யாரோ 60 வரை போயிருந்தா கதை வேற, அப்புறம் ஸ்லீவ் அடிக்கணும். அதனாலதான் அளக்கும் முன்னே ஒரு பிஸ்டன்கூட ஆர்டர் பண்ணக் கூடாது. ஆர்வக்கோளாறில் முதல்ல பார்சல் வரவழைச்சா பர்ஸ்தான் ரீபோர் ஆகும்.

ஹெட்டிலும் ஒரு வில்லங்கம். எம்.ஜி.பி. பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அந்த ஈயப் படிவு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி வேலை செய்தது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 2000-வாக்கில் ஈயப் பெட்ரோல் விடைபெற்றது. மூச்சுக்கு நல்லது. பழைய ஹெட்டுக்குத்தான் சோதனை. ஹைவேயில் விரட்டினால் மெத்தை இல்லாத சீட் மெல்ல மெல்ல உள்ளே குழியும். ஹெட் கையில் இருக்கும்போதே கடினமான சீட் இன்சர்ட் அடிச்சிடறது புத்திசாலித்தனம்.

மாட்டுறது, கழட்டினதை ரிவர்ஸில் ஓட்டுற வேலைதான். தூசி மட்டும் கூடாது, டார்க் ரென்ச் மட்டும் கட்டாயம். மெயின் பேரிங் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமன். அதற்குள் ஒரு மணல் துகள் போனாலும் போதும்.

கடைசியில் அந்த நாள்! ப்ளக் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்புவதைப் பார்த்த பிறகுதான் ப்ளக்கை மாட்டணும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு ரசிக்கக் கூடாது. புது கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் ஒண்ணோடொண்ணு பழகணும். அதுக்குக் க்ராங்க் வாரி இறைக்கிற எண்ணெய்தான் ஆதாரம், மெதுவா சுத்தினா அது பத்தாது. ஆக 2000 ஆர்.பி.எம்மில் 20 நிமிஷம் விடாம ஓடணும். அந்த 20 நிமிஷமும் ஒரு கண் ஆயில் பிரஷர் முள்ளில், ஒரு கண் டெம்பரேச்சர் முள்ளில், காது டாப்பெட் சத்தத்தில். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல எட்டிப் பார்ப்பார். அவருக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம்.