அழுத்த நீர் யந்திரத்தின் பம்பை வீட்டிலேயே மாற்றுதல் தகுமா?

உழவுக் கருவிகளைச் சுத்தமாக வைத்திருத்தல் பயிரைக் காப்பதற்கு ஒப்பான கடமையென்பதை நம் வாசகர்கள் யாவரும் அறிவர். சேற்றுழவு முடிந்த டிராக்டரில் ஒட்டிய சேறு காய்ந்து இறுகுமாயின், அதனடியில் துரு ஏறுகிறது. கிரீஸ் இடும் முனைகள் அடைபட்டுப் போகின்றன. பார்த்தீனியம் முதலிய களைகளின் விதைகள் அச்சேற்றோடு அடுத்த வயலுக்குக் குடியேறுகின்றன. மாட்டுத் தொழுவமும் பால் கறக்குமிடமும் நாள்தோறும் கழுவப்பட வேண்டியவை. இவ்வேலைகளை வாளியும் துடைப்பமும் கொண்டு அரை நாளில் செய்வதை, அழுத்த நீர் யந்திரம் அரை மணியில் செய்து விடுகிறது. ஜனங்கள் ‘வாட்டர் வாஷ் மெஷின்’ என்று வழங்கும் இந்த யந்திரம் ஆகையினாலேயே பல குடியானவர் வீடுகளில் இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் வாங்கிய சில வருஷங்களில் இது தொழுவத்தின் மூலையில் தூசி படிந்து கிடப்பதையும் காண்கிறோம். காரணம் விசாரித்தால், “அழுத்தம் வரவில்லை, மெஷின் போய்விட்டது” என்பதே விடையாக இருக்கிறது. உண்மையில் போனது பெரும்பாலும் பம்பு ஒன்றே; அதனைச் சுழற்றும் எஞ்சினோ மோட்டாரோ, குழாயோ, சட்டமோ அல்ல. பம்பு ஒன்று கெட்டதற்காக யந்திரம் முழுவதையும் இரும்புக் கடைக்கு அனுப்புவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். தனியே கழற்றத்தக்க பம்பையுடைய யந்திரத்தில் அதனை மாற்றுதல் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தக் குடியானவரும் தம் வீட்டு வாசலிலேயே செய்யத்தக்க வேலையென்பதும், அவ்விதம் செய்யத்தக்க யந்திரத்தையே வாங்க வேண்டுமென்பதும் நமது அபிப்பிராயம்.

முதலாவதாக, பம்புதான் பழுதென்று துணிவதற்கு முன் மற்றவற்றைச் சோதித்தல் வேண்டும். பம்பு தானே தண்ணீரை உண்டாக்குவதில்லை. வருகிற தண்ணீரைத்தான் அழுத்தித் தள்ளுகிறது. எனவே வரும் குழாயில் நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறதென்பதை ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு அளக்க. அது பம்பு தள்ளும் அளவிற்குக் குறையுமானால் குற்றம் குழாயினுடையது. அடுத்து, நுழைவாயிலிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவுக. உறிஞ்சு குழாயின் பூட்டுகளில் காற்று புகுந்தால் அழுத்தம் விட்டு விட்டுத் துடிக்கும். தெளிக்கும் நாஸிலின் துளை அடைந்திருந்தாலும், நாளடைவில் தேய்ந்து பெரிதாகியிருந்தாலும் பீச்சும் வேகம் கெடும். இவையனைத்தும் சில ரூபாய்ச் செலவிலோ, செலவின்றியோ தீரும் குறைகளாம்.

இவை சரியாயிருந்தும் குறை நீங்காவிடில் பம்பை நோக்குக. பம்பின் அடியிலிருந்து தண்ணீரோ எண்ணெயோ சொட்டுமாயின் உள்ளேயுள்ள சீல்கள் தேய்ந்தன என்று அறியலாம். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் அதனோடு கலந்துவிட்டது. எண்ணெயில் உலோகப் பொடி மின்னினாலும், ஓடும்போது தட்டும் ஓசை கேட்டாலும், வார்ப்பில் வெடிப்புக் கண்டாலும் பம்பு மாற்றத்திற்கு உரியதாகிவிட்டது.

பம்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பயிருக்கு மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயர்களில் உள்ளதைப் போன்ற மூன்று பிஸ்டன் பம்பில் வால்வும் சீலும் தனித்தனியே கிடைக்கும். அதனைப் பிரித்துச் செப்பனிட்டால் ஆயிரக்கணக்கான மணி உழைக்கும். சிறு வீட்டு யந்திரங்களில் உள்ள சாய்தட்டுப் பம்போ சில நூறு மணி உழைப்பிற்கே அமைந்தது; அதனைப் பிரித்துச் சீராக்க முயலுவதைவிடப் புதியது பொருத்துவதே சிக்கனம்.

புதிய பம்பு வாங்கக் கடைக்குச் செல்லுமுன் நான்கு விஷயங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, எஞ்சின் தண்டின் குறுக்களவு. முக்கால் அங்குலத் தண்டும் 20 மில்லிமீட்டர்த் தண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆயினும் முன்னது 19.05 மில்லிமீட்டரே ஆதலின் ஒன்றிற்குரிய பம்பு மற்றொன்றில் பொருந்தாது. வெர்னியர் அளவுகோலால் அளப்பதே முறை. இரண்டாவது, தண்டு படுக்கையாக நிற்கிறதா, செங்குத்தாக நிற்கிறதா என்பதும், போல்ட்டுத் துளைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதும்.

மூன்றாவது, சுற்று வேகம். பம்பை நேரே சுழற்றும் பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 3,400 சுற்றுச் சுற்றும். நம் நாட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களில் ஒருவகை சுமார் 2,800 சுற்றும், மற்றொரு வகை சுமார் 1,440 சுற்றும் சுற்றும். மெதுவான வேகத்திற்கென்று செய்த பம்பை வேகமான எஞ்சினில் மாட்டினால் அது விரைவில் அழியும்.

நான்காவது, குதிரைச் சக்தி. நிமிஷத்திற்கு வெளியாகும் தண்ணீரை லிட்டரிலும், அழுத்தத்தை ‘பார்’ என்னும் அளவிலும் கொண்டு, ஒன்றையொன்று பெருக்கி 600ஆல் வகுத்தால் வேண்டிய சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். உதாரணமாக, 10 லிட்டரை 120 பார் அழுத்தத்தில் தள்ளுவதற்கு 2 கிலோவாட்டு வேண்டும். தேய்மானத்தில் கழியும் பங்கையும் சேர்த்தால் மூன்று குதிரைச் சக்திக்குச் சற்று மேலாகும். இரண்டு குதிரைச் சக்தி மோட்டாரின் தலையில் இப்பம்பைக் கட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும். ‘பெரிய பம்பு நல்ல பம்பு’ என்று கருதி வாங்குவோர் இக்கணக்கை மறவாதிருத்தல் நன்று.

இனி மாற்றும் முறையைக் கூறுவோம். எஞ்சினாயின் பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் வைக்க. மோட்டாராயின் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிடுக. தண்ணீரை அடைத்து, கைப்பிடியின் விசையை அழுத்தி, குழாயில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுக. பூச்சிமருந்து தெளிக்கவும் பயன்பட்ட பம்பாயின், முன்னரே நல்ல தண்ணீரால் பலமுறை அலசிய பின்னரே கையுறையணிந்து தொடுதல் வேண்டும். குழாய்களைக் கழற்றிய பின், பம்பைத் தாங்கும் மூன்று அல்லது நான்கு போல்ட்டுகளைத் தளர்த்துக. கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது பம்பை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுதல் அவசியம். பிறகு அதனைத் தண்டோடு நேராக இழுக்க வரும். துருவினால் பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு பொறுத்திருந்து, மரக்கட்டையை வைத்து நாற்புறமும் மெல்லத் தட்டுக. கடப்பாரையால் ஒருபுறம் நெம்பினால் எஞ்சினின் முகம் உடையும். அப்பொழுது சிறு செலவு பெருஞ் செலவாகும்.

தண்டின் பள்ளத்திலுள்ள சிறு சாவிக்கட்டையைத் தவறவிடாமல் எடுத்து வைக்க. தண்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுக. இவ்வாறு தடவாமையே அடுத்த முறை பம்பு கழல மறுப்பதற்குக் காரணமாகும். சாவிக்கட்டையை வைத்து, புதிய பம்பின் பள்ளத்தை அதற்கு நேராகத் திருப்பிச் செலுத்துக. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் முறுக்கி, பின்னர் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பெல்ட்டினால் சுழலும் பம்பாயின், இரண்டு புல்லிகளின் முகங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு நூலை நீட்டிப் பிடித்துப் பார்க்க. எண்ணெய்த் துளையில், வழியில் சிந்தாதிருக்க இட்ட முழு மூடி இருக்குமானால் அதனை நீக்கி, உடன் வந்த காற்றுத்துளை மூடியை இடுக. எண்ணெய் மட்டத்தையும் நோக்குக.

ஓட்டுவதற்கு முன் நாஸிலைக் கழற்றி வைத்து, தண்ணீரைத் திறந்து, விசையை அழுத்தி, காற்று முழுதும் வெளியேறித் தண்ணீர் ஒரே சீராக ஒழுகும்வரை காத்திருத்தல் வேண்டும். அதன்பின் எஞ்சினை ஓட்டிக் கசிவு உண்டாவென்று பார்த்து, நிறுத்தி அழுத்தம் நீக்கியபின் நாஸிலைப் பொருத்தலாம். பழைய நாஸில் தேய்ந்திருந்தால் புதிய பம்பிற்குரிய அளவுடையதையே இடுக.

பழைய பம்பு ஏன் இறந்ததென்று அறியாமல் புதியதைப் பூட்டுவதில் பிரயோசனமில்லை. தண்ணீரின்றி ஓட்டுதல் முதற் காரணம். தண்ணீரே பம்பின் சீல்களைக் குளிர்விக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மணல் இரண்டாவது. தொட்டியில் தெளியவிட்டு, வடிகட்டியின் வழியே எடுத்தால் அத்தீங்கு நீங்கும். விசையை விட்டுவிட்டு யந்திரத்தை ஓடவிட்டபடி வேறு வேலைக்குச் செல்லுதல் மூன்றாவது. அப்பொழுது உள்ளேயுள்ள சிறிதளவு தண்ணீரே சுற்றிச் சுற்றிச் சூடாகிச் சீல்களைக் கெடுக்கிறது. இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு மேல் அவ்விதம் விடலாகாது. முதல் 50 மணி உழைப்பின்பின் எண்ணெயை மாற்றுவதும் பெரும்பாலான எண்ணெய்ப் பம்புகளுக்கு நன்மை தரும்.

இவ்வேலையை வீட்டில் செய்வது அபாயமென்று சிலர் ஆட்சேபிப்பர். அவர் கூற்றில் உண்மையில்லாமலில்லை. இந்த யந்திரத்தின் நீர்த்தாரை தோலைத் துளைத்து உட்புகவல்லது. வெளியே ஊசி குத்தினாற் போன்ற சிறு புள்ளியே தெரியினும் உள்ளே சதை அழுகிப் போகக்கூடும். அவ்விதம் நேர்ந்தால் மஞ்சள் தடவிக் காத்திராமல் உடனே அறுவை வைத்தியம் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைக் காட்டித் தேடுக. மின்சாரக் கம்பிவேலையை அதற்குரிய உரிமம் பெற்றவரிடமே விடுக. அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வின் திருகை அழுத்தமானியின்றி முறுக்க வேண்டா. உத்தரவாதக் காலம் முடியாத யந்திரத்தைப் பிரிப்பதும் தகாது. இவ்வெல்லைகளுக்குள் நின்று செய்தால் அபாயமில்லை. பட்டணத்திற்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பதால் உழவுப் பருவத்தில் நேரும் நஷ்டமும் இல்லை.

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோர்க்கும் ஒரு விண்ணப்பம். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமையைக் குறித்து ஒரு குழுவை நியமித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத் தளமும் திறக்கப்பட்டது. அதற்கெனத் தேர்ந்த நான்கு துறைகளுள் வேளாண் கருவிகளும் ஒன்றாகும். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. கிராமத்தில் பயன்பட வேண்டும். பொதுப் பணத்தில் யந்திரம் வாங்குவோர், “இதன் பம்பு தனியே கிடைக்குமா? சீல்கள் எங்கே கிடைக்கும்? உறுப்புகளின் படமும் எண்களும் அடங்கிய புத்தகம் உண்டா?” என்று கேட்டுப் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். யந்திர வாடகை மையங்களில் ஒரு வெர்னியர் அளவுகோலும், ஸ்பேனர் தொகுதியும், அழுத்தமானியும் இரவலுக்கு வைத்தால் ஊர் முழுவதற்கும் பயன்படும்.

ஏர்க்கலப்பைக்குக் கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றினரேயன்றிக் கலப்பையை எறிந்தாரில்லை நம் முன்னோர். பம்பு இந்த யந்திரத்தின் கொழு என்க. தேய்வது அதன் இயல்பு. மாற்றுவது உடையவர் கடமை. குடியானவர்கள் தம் தொழுவத்தில் உறங்கும் யந்திரத்தை இன்றே வெளியே எடுத்து, முதலில் வடிகட்டியையும், பின்பு நாஸிலையும், இறுதியில் பம்பையும் சோதித்துப் பார்ப்பார்களாக.