நீர் தந்த முடி; நாற்காலி தந்த அடி!

தண்ணீர் தராதரம் பார்ப்பதில்லை. மாளிகையிலே பிறந்தவன் என்பதற்காக ஒருவனை மிதக்க வைப்பதுமில்லை; மண் குடிசையிலே பிறந்தவன் என்பதற்காக மற்றொருவனை மூழ்கடிப்பதுமில்லை. கை வீசத் தெரிந்தவனுக்கு வழிவிடும், தெரியாதவனை விழுங்கிவிடும். நீரின் நீதி அது, நேர்மையான நீதி!

ஆனால் தோழர்களே, குளத்தின் கரையிலே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்களே கனவான்கள், அவர்களது நீதி வேறு. யார் குதிக்கலாம், யார் குதிக்கக் கூடாது, குதிப்பவர் எந்த உடை உடுத்த வேண்டும், எந்த ஊர்வலத்திலே நடக்கலாம், எத்தனை ஆண்டு கரையிலே கைகட்டி நிற்க வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பளிக்கும் நீதி அது. நீரின் நீதியும் நாற்காலியின் நீதியும் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலிய நாட்டு வீராங்கனை டான் பிரேசரின் வரலாறு அதைச் சொல்லும். கேளுங்கள்!

துறைமுகத்துச் சிறுமி

சிட்னி நகரின் துறைமுகத்தை ஒட்டிய பகுதி பால்மெயின். கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். உழைப்பாளர் வாழ்ந்த வட்டாரம். அங்கே 1937 செப்டம்பர் 4-இல் பிறந்தவர் டான் பிரேசர். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். கப்பல் வேலை தெரிந்தவர். வீட்டிலே எட்டுப் பிள்ளைகள். எட்டாவது பிள்ளை இவர்.

செல்வம் இல்லை, சிபாரிசு இல்லை, உடல்நலமாவது உண்டா? அதுவும் இல்லை! ஆஸ்துமா நோய் மூச்சைப் பிடித்து இழுத்தது. பதினான்கு வயதிலே பள்ளிக்கு முழுக்குப் போட்டு, உடை தைக்கும் தொழிற்சாலையிலே வேலைக்குச் சேர்ந்தார். மூச்சுத் திணறும் பெண், தையல் தொழிலாளி, இவரா உலகை வெல்லப் போகிறவர் என்று எவரும் ஏளனம் பேசியிருக்கலாம்.

பால்மெயினிலே கடல்நீரைத் தேக்கிய பழைய குளியல்துறை ஒன்று உண்டு. அங்கே நீந்திக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார் ஹாரி கல்லகர் என்ற பயிற்சியாளர். பார்த்தார், பழக்கினார், பாரெங்கும் பேச வைத்தார்!

பிரீஸ்டைல் என்றால் விருப்பம்போல் நீந்தலாம் என்று பொருள். எந்த முறையிலும் நீந்தலாம், விதி தடுக்காது. ஆனால் வேகம் வேண்டுமென்றால் கைகளை மாற்றி மாற்றி முன்னே வீசும் ‘கிரால்’ முறையைத்தான் எல்லோரும் கையாளுகின்றனர். நூறு மீட்டர் என்பது ஒலிம்பிக் குளத்திலே போக ஒரு முறை, வர ஒரு முறை, ஒரு நிமிட நேரம், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்காக ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான மைல் தூரம் நீந்த வேண்டும். பகலெல்லாம் உழைப்பு, பொழுது புலரும் முன்னே பயிற்சி என்று வாழ்வது எத்தகையது என்பதை ஆலைச் சங்கு கேட்டு எழுபவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முடிமேல் முடி!

1936-இல் ஹாலந்து நாட்டு வில்லி டென் ஓடன் ஏற்படுத்திய சாதனை, 1 நிமிடம் 4.6 நொடி. இருபது ஆண்டுகள் அதை யாரும் அசைக்கவில்லை. 1956 பிப்ரவரியிலே அசைத்தார் டான் பிரேசர். அதே ஆண்டு இறுதியில் மெல்போர்னில் ஒலிம்பிக் போட்டி. நூறு மீட்டரிலே 1 நிமிடம் 2.0 நொடியில் நீந்தித் தங்கம் பெற்றார், உலக சாதனை! இரண்டாவதாக வந்தவர் சொந்த நாட்டுத் தோழி லொரெய்ன் கிராப். தொடர் நீச்சலிலும் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம். 400 மீட்டரிலே டானுக்கு வெள்ளி.

1960-இல் ரோம் நகரம். மீண்டும் நூறு மீட்டர், மீண்டும் தங்கம்! அதுவரை எந்தப் பெண்ணும் இந்தப் போட்டியிலே இருமுறை தொடர்ந்து வென்றதில்லை.

1962 அக்டோபர் 27. ஒரு நிமிடம் என்ற கோட்டையை உடைத்தார், 59.9 நொடி! அதுவும் எத்தனை தூரம்? 110 கெஜம், நூறு மீட்டரைவிட அரை மீட்டருக்குமேல் அதிகம். ஒரு நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் பெண் அவர். 1964 பிப்ரவரியிலே 58.9 நொடி என்று அதையும் குறைத்தார். அந்தச் சாதனையை 1971-இல் ஷேன் கோல்ட் சமன் செய்தார், 1972-இலேதான் முறியடித்தார். எட்டாண்டுக் காலம் நிலைத்த எண் அது!

1964 மார்ச் மாதம் பேரிடி விழுந்தது. டான் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. உடன் வந்த தாய் இறந்தார். டானுக்குக் கழுத்தெலும்பிலே காயம். வாரக்கணக்கில் கழுத்துக்குக் கட்டு. தாயைப் பறிகொடுத்த துயரம்; நானல்லவா ஓட்டினேன் என்ற வேதனை; திரும்பாத கழுத்து. இந்த நிலையிலே வேறொருவராயிருந்தால், போதும் என்று வீட்டிலே அமர்ந்திருப்பர்.

டான் பிரேசர் டோக்கியோவுக்குப் போனார். அக்டோபரில், 27-ஆவது வயதில், பதினைந்து வயது அமெரிக்கப் பெண் ஷாரன் ஸ்டௌடரோடு தோளுக்குத் தோள் நீந்தி, 59.5 நொடியிலே வென்றார். ஒரே போட்டியிலே தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், ஆண்களிலும் பெண்களிலும், நீச்சல் வரலாற்றிலே அவரே முதல்வர். மொத்தம் எட்டுப் பதக்கங்கள்: நான்கு தங்கம், நான்கு வெள்ளி. நிறைவு விழாவிலே நாட்டின் கொடியை ஏந்தி நடக்கும் பெருமை அவருக்குத் தரப்பட்டது. நாடு அவரை அந்த ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் என்று பாராட்டியது.

நாற்காலி என்ன தந்தது? 1965-இலே ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் தீர்ப்பளித்தது: பத்து ஆண்டுகள் தடை!

குற்றம் என்ன?

கொலையா? கொள்ளையா? பணம் வாங்கிக்கொண்டு தோற்றாரா? இல்லை, இல்லை! போட்டி நெருங்கிய நீச்சல்காரர்கள் தொடக்க விழா அணிவகுப்பில் நடக்கக் கூடாது என்று உத்தரவு, டான் நடந்தார். அதிகாரிகள் கொடுத்த நீச்சலுடை உடலுக்குப் பொருந்தவில்லை என்று, பழகிய பழைய உடையை உடுத்தி நீந்தினார். இவை சங்கத்தின் குற்றப் பட்டியல்.

ஊர் பேசியது மற்றொரு கதையை. ஜப்பானிய மன்னரின் அரண்மனை அருகே பறந்த ஒலிம்பிக் கொடியை நினைவுப் பொருளாக எடுக்க, இரவிலே நண்பர்களுடன் போனார் டான். போலீசார் பிடித்தனர். யார் என்று தெரிந்ததும், வழக்குப் போடாமல் விடுவித்தனர். அதோடு நில்லாமல் அந்தக் கொடியையே பரிசாகக் கொடுத்தனர்! கொடி பறந்த நாடு சிரித்து மன்னித்தது. கொடியேந்தி நடந்தவரின் சொந்த நாட்டுச் சங்கமோ சீறிப் பாய்ந்தது.

சீமான்கள் எழுதிய சட்டம்

இந்தச் சீற்றத்தின் வேர் எங்கே? விளையாட்டுக்குச் சட்டம் எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்திலே ஹென்லி என்ற ஊரில் நடப்பது புகழ்பெற்ற படகுப் போட்டி. 1879-இல் அதற்கு விதி வகுத்தனர். கூலிக்கு உழைக்கும் கைவினைஞர், இயந்திரத் தொழிலாளி, கூலியாள் எவரும் அமெச்சூர் வீரராகக் கருதப்பட மாட்டார்! துடுப்பைப் பிடிக்கும் கையிலே காய்ப்பு இருந்தால் தகுதியில்லை; வாளிப்பு இருந்தால் தகுதியுண்டு! 1937 வரை அந்த விதி இருந்தது. அதாவது, டான் பிரேசர் பிறந்த ஆண்டு வரை!

எழுத்திலே இருந்ததை அழித்தனர். எண்ணத்திலே இருந்ததை அழித்தனரா? விளையாட்டால் ஒரு காசும் பெறக் கூடாது என்ற அமெச்சூர் விதி ஒலிம்பிக்கை ஆண்டது. 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஏவரி பிரண்டேஜ்; கட்டடத் தொழிலிலே கோடி சேர்த்த அமெரிக்கர்; அந்த விதியின் காவலர். பணம் வேண்டாம் என்று சொல்வது பணம் படைத்தவனுக்கு எளிது! தையல் தொழிலாளிக்கு? சம்பளத்துக்கு உழைக்க வேண்டும். சம்பளமில்லாமல் நீந்த வேண்டும். வென்றால் புகழ் நாட்டுக்கு, வருமானம் விளையாட்டு அரங்குக்கு. பணிந்து நிற்கும் பொறுப்பு மட்டும் வீராங்கனைக்கு. என்னே நியாயம்!

கட்டுப்பாடு வேண்டாமா?

ஒரு கழகத்திலே உழைக்கும் தோழர் இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்: “ஐயா, உத்தரவை மீறினாரே! கட்டுப்பாடு இல்லாமல் ஓர் அமைப்பு நடக்குமா?” நல்ல கேள்வி, நழுவக் கூடாத கேள்வி.

டான் பிரேசர் மீறினார் என்பது உண்மை. அடங்காதவர் என்பதும் உண்மை. ரோமாபுரியிலேயே, தொடர் நீச்சலின் முதல் சுற்றிலே வேறு முறையில் நீந்தச் சொன்னபோது மறுத்து, சக வீராங்கனைகளின் கோபத்துக்கு ஆளானவர். பிற்காலத்திலும் வாய் தவறியதுண்டு. 2015-இல், குடியேறியவர் குடும்பத்து டென்னிஸ் வீரர்களை, பெற்றோர் வந்த நாட்டுக்கே போகட்டும் என்றார். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவரின் மகள் பேசக்கூடிய பேச்சா அது? கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். சிலை வைத்துச் சூடம் கொளுத்த இவரை நான் எடுத்துக்காட்டவில்லை.

ஆனால் கட்டுப்பாடு வேறு, கசப்பைத் தீர்த்துக்கொள்வது வேறு. குற்றத்துக்குத் தக்க தண்டனை தருவது கட்டுப்பாடு. கண்டித்திருக்கலாம், சில மாதம் விலக்கியிருக்கலாம். 27 வயதான வீராங்கனைக்குப் பத்தாண்டுத் தடை என்றால், 37 வயதில் வந்து நீந்து என்று பொருள். அது திருத்தும் தண்டனையா? தீர்த்துக்கட்டும் தண்டனை!

இதை நான் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தின் செயலே சொல்லிற்று. 1968-இல், மெக்சிகோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னே, தடையை அவர்களே நீக்கினர். பத்து ஆண்டு நியாயமானால் ஏன் நீக்கினர்? நியாயமில்லையென்றால் ஏன் விதித்தனர்? நீக்கியதும் எப்போது? பயிற்சி பெற நாளில்லாத நேரத்தில்! பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை!

மெக்சிகோவிலே பெண்கள் நூறு மீட்டரை அமெரிக்காவின் ஜான் ஹென்னி வென்றார். நேரம்? 1 நிமிடம் 0.0 நொடி. டோக்கியோவிலே, நான்காண்டுக்கு முன்னே, கழுத்துக் காயத்தோடு டான் நீந்திய நேரம் 59.5! மெக்சிகோ மேட்டு நகரம். காற்றின் அடர்த்தி குறைவு. டானுக்கும் வயது 31 ஆகியிருக்கும். போயிருந்தால் வென்றிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வென்றிருப்பாரா மாட்டாரா என்பதைத் தண்ணீர் தீர்மானித்திருக்க வேண்டும், நாற்காலி தீர்மானித்துவிட்டதே! அதுதான் கொடுமை.

மக்கள் தந்த தீர்ப்பு

பால்மெயின் மக்கள் அவரை மறந்தனரா? அவர் நீந்தப் பழகிய குளியல்துறைக்கு 1964-இலேயே அவரது பெயர் சூட்டப்பட்டது. அதே பால்மெயினிலே மதுக்கடை நடத்தி, மக்களோடு மக்களாக வாழ்ந்தார். 1988-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றார். தொழிற்கட்சியின் கோட்டை என்று கூறப்பட்ட அந்தத் தொகுதியிலே வென்றார். 1991 வரை உறுப்பினராக இருந்தார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலே தீபம் ஏந்தி அரங்குக்குள் வந்தவர்களிலே அவரும் ஒருவர். எந்த அணிவகுப்பிலே நடந்ததற்காகத் தண்டித்தனரோ, அத்தகைய விழாவிலேயே தீபத்தைக் கையிலே கொடுத்தனர்! தடை விதித்தவர்களின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

தோழர்களே! சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். ஆனால் சங்கம் இருப்பது நீந்துபவருக்காக, நாற்காலிக்காக அல்ல. நம்மிலே பலர் நாளை ஏதேனும் ஒரு நாற்காலியிலே அமரக்கூடும். தொழிற்சங்கத்திலே, கூட்டுறவுச் சங்கத்திலே, விளையாட்டு மன்றத்திலே. அன்று நம் முன்னே ஒரு முரட்டுப் பிள்ளை வந்து நிற்கலாம். விதியை மீறியும் இருக்கலாம். பேனாவை எடுக்கும் முன்னே, அந்தப் பிள்ளை இழக்கப் போவது எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு அது காகிதத்திலே ஒரு வரி. அந்தப் பிள்ளைக்கு அது ஆயுளிலே திரும்பாத பருவம்.