அபிப்பிராயம் சொல்லப் பட்டம் எதற்கு?

புத்தகத்தைப் படிக்கலாம், ரசிக்கலாம். அது நல்லதா கெட்டதா என்று சொல்ல மட்டும் தமிழ் எம்.ஏ. முடித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பேராசிரியர்களைவிட வாசகர்களே இதை அதிகம் நம்புகிறார்கள். சமீபத்தில் படித்த நாவலைப் பற்றிக் கேட்டால், "நமக்கு என்னங்க தெரியும், பொழுதுபோகாமல் படிக்கிறவங்கதானே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பார்வைக்கு இது அடக்கம். விளைவைப் பார்த்தால், பணம் கொடுத்து வாங்கி, நேரம் ஒதுக்கிப் படித்தவர் வாயை மூடிக்கொள்ள, விளம்பரமும் அணிந்துரையும் மட்டுமே பேசுகின்றன.

வரலாறு இந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கப்பட்டது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி வந்தது 1879-இல். அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். பொது நூலகம் நாவலுக்கு மூத்தது. எந்த இலக்கணமும் முன்கூட்டி விதி வகுத்துத் தராத அந்தப் புது வடிவத்தை, "இதைப் படித்துப் பார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி வளர்த்தவர்கள் சாதாரண வாசகர்கள்தாம். 1957-இல் வெளிவந்த 'படித்திருக்கிறீர்களா?' நூலில் க.நா.சுப்ரமண்யம் செய்ததும், தமக்குப் பிடித்த புத்தகங்களை ஒரு வாசகராக எடுத்துச் சொன்னதே. இது வெறும் அபிப்பிராயம், அலசல் இல்லை என்று குறைபட்டார் சி.சு.செல்லப்பா, 1959-இல் 'எழுத்து' பத்திரிகையையும் தொடங்கினார். அவர் க.நா.சு.விடம் கேட்டது பட்டத்தை அல்ல, காரணத்தை. இருவருமே தமிழ்ப் பண்டிதர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணைப் பற்றிய பெருங்காவியம் ஒன்றே இன்னும் வலுவான சான்று. விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் அவ்வூர் ஆண்டாளின் கதையை எடுத்துக்கொண்டு தெலுங்கில் 'ஆமுக்த மால்யதா'வைப் படைத்தார். சூடிக்கொடுத்தவளின் பெயரைத் தாங்கிய அந்த நூலில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் கோதை என்ற ஆண்டாள் வருகிறாள். அதற்கு முன்பே யாமுனாசாரியர் தம் மகனுக்கு அரசு நடத்தும் முறையை விரிவாக உபதேசித்துவிடுகிறார். ஆழ்வார் கதைக்குள் ராஜநீதிக்கு இவ்வளவு இடம் ஒதுக்க அரசருக்குத்தான் தோன்றும். தம் வாழ்க்கையின் கவலைகளோடு ஒரு கதைக்குள் நுழைந்தவரின் வாசிப்பு அது. அந்தத் தனிப்பட்ட கோணத்தால் காவியம் சிறுத்துவிடவில்லை, தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களில் ஒன்றாகவே வைத்து எண்ணப்படுகிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த ராஜபாளையத்து மு.கு.ஜகந்நாதராஜா, 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார்.

ஆளாளுக்குக் கருத்துச் சொன்னால் கலவரம்தான் மிஞ்சும் என்பவர்கள் 2018 ஜனவரியைச் சுட்டிக்காட்டலாம். ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து ராஜபாளையத்தில் ஆற்றிய உரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது உண்மை. ஆனால் எதிர்ப்பைக் கிளப்பியது ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு வரி. அவர் பாசுரங்களைப் படித்துத் தாமே வந்தடைந்த முடிவல்ல அது. ஆய்வாளர் சொன்னது என்ற தகுதியோடு மேடையேறியது. பிறகு நடந்த சண்டையும் அந்த வரியையே சுற்றிச் சுழன்றதே தவிர, 'நாச்சியார் திருமொழி'யின் எந்தப் பாசுரம் அதற்கு இடம் தருகிறது, எது தரவில்லை என்ற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. இரவல் கருத்து எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும் மூலத்தைப் படித்தவரின் கருத்துக்கு ஈடாகாது என்பதைத்தான் அந்தச் சர்ச்சை காட்டுகிறது.

அப்படியானால் எல்லா அபிப்பிராயமும் சமமா என்றால், இல்லை. "அருமை", "அறுவை" என்பவை அபிப்பிராயமே அல்ல; கைதட்டலும் கொட்டாவியும்தான். முழுதாகப் படித்திருக்க வேண்டும், எந்த இடம் என்று காட்ட வேண்டும், மறுப்பவர் வேறு இடத்தைக் காட்டினால் திரும்பப் படிக்கவும் வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரர் ஒருவர், நெசவாளர் வாழ்வைச் சொல்லும் நாவலைப் படித்துவிட்டு, "விசைத்தறி ஓடும்போது இரண்டு பேர் இப்படிக் குசுகுசுவென்று பேசிக்கொள்ள முடியுமா? கத்தினாலே காதில் விழாதே" என்று கேட்டால், அந்த அத்தியாயத்தின் பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும். இலக்கியக் கோட்பாடு படித்தவருக்கு அது தப்பிப்போயிருக்கலாம். நாவலின் வடிவத்தையும் மரபையும் பற்றிச் சொல்ல அறிஞருக்கு நிறைய உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். அதற்காகத் தறிக்காரர் தம் கேள்வியை விழுங்க வேண்டியதில்லை. பக்கத்தைக் காட்டிக் காரணம் சொல்கிறவர் எவரானாலும் அவருக்குப் பதில் சொல்லும் கடமை எழுத்தாளருக்கு உண்டு. பட்டத்தைக் கேட்டு அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது.