கட்டுச்சோற்று மென்பொருள்

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் ஊர் மைசூரு. அங்கே ஒருவர் லினக்ஸில் ஓடும் தமிழ் அகராதி நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதி முடித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம்: எந்த லினக்ஸுக்குப் பொட்டலம் கட்டுவது?

தமிழகமே இதற்குச் சாட்சி. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்தது; 'டெப்' பொட்டலங்களை ஏற்பது. ஏறக்குறைய அதே காலத்தில் அரசு நிறுவனமான எல்காட் தேர்ந்தெடுத்த சூசே லினக்ஸுக்கோ 'ஆர்பிஎம்' வேண்டும். ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் நேராக இறங்காது. ஒரே லினக்ஸின் பழைய பதிப்பிலும் சிக்கல்தான். நிரல் கேட்கும் துணை நிரல்கள் அங்கே இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

இதற்குக் கண்ட வழி கட்டுச்சோறு. போகிற வீட்டில் உப்பு, புளி தேடாமல், தேவையானதை நிரலே சுமந்துகொண்டு போகும். 2004-ல் 'கிளிக்' என்ற பெயரில் தொடங்கிய ஆப்இமேஜ், கனோனிகல் நிறுவனம் 2016-ல் உபுண்டுவோடு முன்னிறுத்திய ஸ்னாப், அதே ஆண்டு இப்போதைய பெயரைப் பெற்ற ஃபிளாட்பேக் ஆகிய மூன்றும் இந்த வகை. 'எங்கும் ஓடும்' வடிவம் என்று சொல்லி மூன்று வடிவங்கள் வந்ததுதான் வேடிக்கை.

சுமைக்கு விலை உண்டு. வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். ஸ்னாப்பும் ஃபிளாட்பேக்கும் நிரலை வேலிக்குள் வைக்கின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் அனுமதி தராவிட்டால் பென் டிரைவில் உள்ள கோப்புகூட அதன் கண்ணில் படாமல் போகலாம். ஸ்னாப் கடையின் சாவி ஒரே நிறுவனத்திடம் இருப்பதைக் காரணம் காட்டி, லினக்ஸ் மின்ட் 2020-ல் அதைத் தன் வாசலிலேயே நிறுத்தியது.

பெரிய கவலை வேறு. 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைத் திறக்கும் துணை நிரலில் ஆபத்தான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. பழைய முறையில், எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஒன்றைத் திருத்தினால் போதும். கட்டுச்சோற்றிலோ, அதைத் தனித்தனியே சுமந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துக் கட்ட வேண்டும். பொதுச் சரக்கைப் பகிரும் ஃபிளாட்பேக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் நிரல் தானே சுமப்பதற்கு அதைக் கட்டியவரே பொறுப்பு.

மைசூருக்காரருக்கு லாபம் நிச்சயம். ஒருமுறை கட்டினால் பாஸுக்கும் போகும், சூசேக்கும் போகும். சிறு மொழிக்கருவி எழுதுவோருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் முன்பு டெபியனும் சூசேயும் சுமந்த காவல் வேலை இப்போது அவர் தலையில். அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டால், பொட்டலம் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே சோறு ஊசிப்போனது யாருக்கும் தெரியாது.