கட்டுப்பாடு யாருக்கு?

இந்திய அரசு 1952-இல் தொடங்கிய திட்டத்தை ஆங்கிலத்தில் குடும்பத்தைத் திட்டமிடுதல் என்ற பொருளில் அழைத்தார்கள். தமிழில் அது 'குடும்பக் கட்டுப்பாடு' ஆயிற்று. மொழிபெயர்ப்புப் பிழை என்று இதை ஒதுக்கிவிட இயலாது, நடந்தது கட்டுப்பாடுதான். கட்டுப்பட்டது யார் என்பதே என் கேள்வி.

நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு, பலவும் வற்புறுத்தலால். 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்ததற்கு அந்தச் சினமும் ஒரு காரணம். வற்புறுத்தலே கூடாது என்பதன்றோ அதிலிருந்து கற்கவேண்டிய பாடம்? ஆனால், ஆணை விட்டுவிட்டுப் பெண்ணிடம் போ என்பதையே அரசுகள் கற்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்கான அறுவையே எளிது, ஆபத்தும் குறைவு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அந்த மாதம் அம்மாவட்ட முகாம்களுக்குச் சென்ற பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் பிணமானார்கள்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. தென்மாநிலங்களில் பிறப்பு விகிதம் இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதல் பிள்ளைகள் பெறவேண்டும் என்றார். தமிழக முதல்வராக மு.க. ஸ்டாலின், 'பதினாறும் பெற்று' என்னும் வாழ்த்து பதினாறு பேறுகளைக் குறிப்பது என்று விளக்கிவிட்டு, தொகுதி மறுவரையறையைச் சுட்டி, பதினாறு பிள்ளைகளையே பெற்றால் என்ன என்று எண்ணும் நிலை வந்திருக்கிறது என்றார். மறுவரையறை குறித்த அச்சம் நியாயமானது. ஆனால் நாடாளுமன்ற இடங்களுக்கு விடை காணவேண்டிய இடம் அரசியல் சட்டம். பெண்ணின் கருப்பை அன்று.

நேற்று 'பெறாதே', இன்று 'பெறு'. ஆணை மாறியதே ஒழிய ஆணையிடும் வழக்கம் மாறவில்லை. கருத்தடையை ஆதரித்த பிறர் நாட்டு நலத்தையும் வறுமையையும் காரணம் காட்டியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டவர் பெரியார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகியும் நம் அரசுகள் அந்த வாதத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

வேண்டியவை எளியவை: மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை ஆகியவை பற்றிய தெளிவான விளக்கம், அறுவைக்கு முன்வரும் கணவன், பிள்ளை வேண்டுமென்பவளுக்கு மகப்பேற்று விடுப்பும் குழந்தைக் காப்பகமும். பெறுவதா, வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். அதன்பின் திட்டமிடல் என்று பெயர் வைப்போம்.